ஆம்பிசோனிக் ஒலிவாங்கி

ஆம்பிசோனிக் ஒலிவாங்கி என்பது, ஓர் இடத்தை எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தடையும் ஒலியை அதன் திசைத் தகவலுடன் சேர்த்து ஒரே புள்ளியில் பதிவு செய்யும் ஒலிவாங்கி ஆகும். இடம், வலம் என்னும் இரண்டு தடங்களை மட்டும் தரும் ஸ்டீரியோ ஒலிவாங்கியைப் போலன்றி, இது முன், பின், மேல், கீழ் ஆகிய திசைகளையும் உள்ளடக்கிய முழுக்கோளச் சூழொலியைப் பதிகிறது. இத்தகைய பதிவை எத்தனை ஒலிபெருக்கிகளைக் கொண்டு இயக்குவது என்பதைப் பதிவின்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஒரே பதிவை ஹெட்போனுக்கும், நான்கு ஒலிபெருக்கிகளுக்கும், 24 ஒலிபெருக்கிகள் கொண்ட அரங்குக்கும் பின்னர் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வகை ஒலிவாங்கிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிய ஒலிப்பதிவு நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. 2000களின் பிற்பகுதியில் தொடங்கி 2018 வரையிலான காலத்தில் விலை படிப்படியாக இறங்கி, தனியாள் ஒருவர் வாங்கத்தக்க நிலையை அடைந்தது. காப்சூல்களின் உற்பத்திச் செலவு குறைந்ததைக் காட்டிலும், முன்னர் மின்சுற்றுகள் செய்துவந்த திருத்த வேலையைக் கணினி மென்பொருள் ஏற்றுக்கொண்டதே இதற்கு முதன்மையான காரணம் எனலாம்.

அடிப்படைக் கருத்து

ஒரு புள்ளியில் உள்ள ஒலியை முதல் அண்ணளவில் நான்கு அளவுகளால் விவரிக்கலாம். ஒன்று, திசை சாராத காற்றழுத்தம். மற்ற மூன்றும் முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் ஆகிய மூன்று அச்சுகளின் வழியே அவ்வழுத்தம் மாறும் வீதங்கள். இவை முறையே டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்னும் எழுத்துக்களால் குறிக்கப்படுகின்றன. டபிள்யூ என்பது எல்லாத் திசைகளையும் சமமாகக் கேட்கும் ஒலிவாங்கியின் வெளியீட்டையும், மற்ற மூன்றும் ஒவ்வோர் அச்சிலும் நிறுத்தப்பட்ட எட்டு வடிவத் திசைப்பாங்குடைய ஒலிவாங்கிகளின் வெளியீட்டையும் ஒத்தவை.

கணிதத்தில் இவை கோள இசைவுச் சார்புகளின் முதல் நான்கு உறுப்புகள் ஆகும். இதே தொடரை மேலும் நீட்டினால் இரண்டாம் படிக்கு 9 தடங்களும், மூன்றாம் படிக்கு 16 தடங்களும் தேவைப்படும். பொதுவாக, என் என்பது படியானால் தேவையான தடங்களின் எண்ணிக்கை (என்+1)² ஆகும். படி உயர உயர ஒலியின் திசை கூர்மையாகத் தெரியும். விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலானவை முதற்படியைச் சேர்ந்தவை. முதற்படிப் பதிவில் ஒலி வரும் திசை புலப்படும்; ஆனால் அருகருகே உள்ள இரண்டு ஒலிமூலங்களைத் தெளிவாகப் பிரித்தறிய அது போதாது. இது முதற்படியின் இயல்பு. விலை உயர்ந்த முதற்படி ஒலிவாங்கியும் இதிலிருந்து தப்ப முடியாது.

வரலாறு

ஒரே புள்ளியில் திசைப்பாங்குடைய ஒலிவாங்கிகளை வைத்து ஒலியின் திசையைப் பதியலாம் என்னும் கருத்துக்கு, இங்கிலாந்தின் ஆலன் புளூம்லைன் 1931இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமை முன்னோடியாகும். இதை முப்பரிமாணத்துக்கு விரித்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கணிதவியலாளர் மைக்கேல் கெர்சன் (1945–1996). உயரத்தையும் உள்ளடக்கிய ஒலி மீட்பு பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1973இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் ஃபெல்கெட்டும் இம்முறையின் உருவாக்கத்தில் பெரும் பங்காற்றினார். பிரித்தானிய அரசின் தேசிய ஆய்வு மேம்பாட்டுக் கழகம் இம்முயற்சிக்கு ஆதரவளித்தது.

கெர்சனும் பீட்டர் கிரேவனும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஒலிநாடாப் பதிவுக் கழகத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். நான்கு காப்சூல்களை நான்முகி வடிவில் அமைத்த ஒலிவாங்கியை இருவரும் இணைந்து வடிவமைத்தனர். இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1977இல் வழங்கப்பட்டது. யார்க்சயரின் கால்ரெக் நிறுவனம் இதை 1970களின் இறுதியில் சவுண்ட்ஃபீல்டு என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒலிவாங்கியுடன் தனியான கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் வந்தது. காப்சூல்களின் வேறுபாடுகளைத் திருத்தும் மின்சுற்றுகள் அப்பெட்டியினுள்ளேயே இருந்தன.

தொழில்நுட்பம் சிறந்து விளங்கியும் சந்தையில் அது பரவவில்லை. 1970களில் நான்கு ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தும் குவாட்ரஃபோனிக் முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாத வடிவங்களில் வெளிவந்து தோல்வியுற்றிருந்தன. அதன் பின் வந்த எந்தச் சூழொலி முறையையும் இசைத்தட்டு நிறுவனங்கள் ஐயத்துடனேயே நோக்கின. நிம்பஸ் ரெக்கார்ட்ஸ் போன்ற மிகச் சிலவே இம்முறையில் தொடர்ந்து பதிவுகளை வெளியிட்டன. ஆம்பிசோனிக்சுக்கு மறுவாழ்வு அளித்தது இசைத்துறை அன்று. மெய்நிகர்க் காட்சித் துறையே. 360 பாகைக் காணொளிகளில் பார்ப்பவர் தலையைத் திருப்பும்போது ஒலியும் அதற்கேற்பத் திரும்ப வேண்டும். ஆம்பிசோனிக் பதிவில் இதை எளிய பெருக்கல், கூட்டல் கணக்குகளால் செய்துவிடலாம். 2016இல் யூடியூப் தளம் முதற்படி ஆம்பிசோனிக் ஒலியை ஏற்கத் தொடங்கிய பின் கருவிகளுக்கான தேவை வேகமாக உயர்ந்தது. அதற்குள் கெர்சன், கிரேவன் ஆகியோரின் அடிப்படைக் காப்புரிமைகளும் காலாவதியாகியிருந்தன.

ஏ-வடிவமும் பி-வடிவமும்

ஓர் அனைத்துத்திசை ஒலிவாங்கியையும் மூன்று எட்டு வடிவ ஒலிவாங்கிகளையும் ஒரே புள்ளியில் வைப்பது நடைமுறையில் இயலாது. ஒன்றின் இடத்தை மற்றொன்று அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒழுங்கு நான்முகியின் நான்கு முகங்களில் இதயவடிவத் திசைப்பாங்குடைய நான்கு காப்சூல்கள் வெளிநோக்கிப் பொருத்தப்படுகின்றன. அவை நோக்கும் திசைகள்: இடமுன்மேல், வலமுன்கீழ், இடப்பின்கீழ், வலப்பின்மேல். இந்நான்கு காப்சூல்களின் நேரடி வெளியீடு ஏ-வடிவம் எனப்படும்.

நான்கையும் கூட்டினால் டபிள்யூ கிடைக்கும். முன்னோக்கிய இரண்டின் கூட்டலிலிருந்து பின்னோக்கிய இரண்டையும் கழித்தால் எக்ஸ் கிடைக்கும். இடப்புற இரண்டிலிருந்து வலப்புற இரண்டைக் கழித்தால் ஒய், மேல்நோக்கிய இரண்டிலிருந்து கீழ்நோக்கிய இரண்டைக் கழித்தால் இசட். இவ்வாறு பெறப்படும் நான்கு தடங்களும் பி-வடிவம் எனப்படும். சுழற்றுதல், குறிவிலக்குதல் முதலிய எல்லா வேலைகளும் பி-வடிவத்திலேயே நடைபெறுகின்றன.

கூட்டலும் கழித்தலும் மட்டுமே போதுமானால் இக்கருவி மிகவும் மலிவாக இருந்திருக்கும். ஆனால் காப்சூல்கள் உண்மையில் ஒரே புள்ளியில் இல்லை. நான்முகியின் மையத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகியுள்ளன. 1 கிலோஹெர்ட்சில் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்; எனவே இவ்விலகல் பொருட்படுத்தத்தக்கதன்று. 10 கிலோஹெர்ட்சில் அலைநீளம் 3.4 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், ஒரே ஒலி காப்சூல்களை வேறுவேறு கட்டங்களில் வந்தடைகிறது. இதை ஈடுசெய்ய அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் வடிகட்டிகள் தேவை. வடிகட்டிகளாலும் ஓரளவே ஈடுசெய்ய முடியும். மிக உயர்ந்த அதிர்வெண்களில் திசைத் தகவல் எப்படியும் குலைந்துவிடுகிறது. சிறிய காப்சூல்களை நெருக்கமாக அமைத்தால் இக்குலைவு தொடங்கும் அதிர்வெண் உயரும். ஆனால் காப்சூல் சிறிதாகும்போது அதன் உள்ளிரைச்சல் கூடுவது வழக்கம். குறைந்த விலையில் இவ்விரண்டுக்கும் இடையே ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியுள்ளது.

காப்சூல்களின் பொருத்தம்

விலைக்கும் தரத்திற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் முடிவாகிறது. எக்ஸ், ஒய், இசட் ஆகிய மூன்றும் கழித்தலால் பெறப்படுவதால், நான்கு காப்சூல்களின் உணர்திறனில் உள்ள சிறு வேறுபாடும் திசைப் பிழையாக வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக, நேர் இடப்புறத்திலிருந்து வரும் ஓர் ஒலியைக் கொள்வோம். இடப்புறம் நோக்கிய இரண்டு காப்சூல்களும் அதை 0.79 என்னும் அளவிலும், வலப்புறம் நோக்கிய இரண்டும் 0.21 என்னும் அளவிலும் பதியும். முன்னிரண்டிலிருந்து பின்னிரண்டைக் கழித்தால் எக்ஸ் சுழியாகும். இடமுன்மேல் காப்சூல் மட்டும் 1 டெசிபெல் கூடுதலாக இருப்பின், எக்ஸ் சுழியாகாமல் 0.1க்கு அருகில் நிற்கும். ஒலி 4 பாகைக்குச் சற்று மேல் முன்னோக்கி நகர்ந்து கேட்கும். ஏறத்தாழ அதே அளவு மேல்நோக்கியும் நகரும். வேறுபாடு 3 டெசிபெல் ஆனால் முன்னோக்கிய நகர்வு 12 பாகையைத் தாண்டும். இப்பிழை எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. ஒரே குரலின் தாழ்ந்த பகுதி ஓரிடத்திலும் உயர்ந்த பகுதி வேறோரிடத்திலும் கேட்குமாயின், கேட்பவருக்கு அது பிழையெனத் தோன்றாது. ஒலி "மங்கலாக" இருப்பதாகவே தோன்றும். மலிவான கருவிகளைப் பற்றிய குறைகூறல்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நூற்றுக்கணக்கான காப்சூல்களை அளந்து, ஒத்தவற்றை நான்கு நான்காகத் தேர்ந்தெடுப்பது ஒன்று. கிடைத்த காப்சூல்களைப் பொருத்திவிட்டு, ஒவ்வோர் ஒலிவாங்கியையும் தனித்தனியே எல்லாத் திசைகளிலும் அளந்து, அதற்கேயுரிய திருத்த வடிகட்டிகளைக் கோப்பாக வழங்குவது மற்றொன்று. முதல் வழி உழைப்பையும் கழிவையும் கூட்டுவது. இரண்டாம் வழியில் ஒருமுறை அளக்கும் செலவு மட்டுமே உண்டு. பின் எல்லாவற்றையும் வாங்கியவரின் கணினி பார்த்துக்கொள்ளும்.

விலை குறைந்த ஒலிவாங்கிகள்

இரண்டாம் வழியைப் பின்பற்றி வெளிவந்தவற்றுள் முன்னோடி, அமெரிக்காவின் கோர் சவுண்ட் நிறுவனத்தின் டெட்ராமைக் ஆகும். ஒவ்வொரு டெட்ராமைக்கும் அதற்கென அளக்கப்பட்ட அளவுத்திருத்தக் கோப்புடன் வழங்கப்பட்டது. அதன் விலை சுமார் 1,000 டாலர். அக்காலத்துச் சவுண்ட்ஃபீல்டு ஒலிவாங்கிகளின் விலையில் இது ஒரு சிறு பங்கே. 2009இல் ஹெமிங்சன், சரிஸ்கி ஆகியோர் தாமே அமைத்த சோதனை ஒலிவாங்கி ஒன்றையும் டெட்ராமைக்கையும் விலை உயர்ந்த சவுண்ட்ஃபீல்டு ஒலிவாங்கியுடன் ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

செருமனியின் சென்ஹைசர் நிறுவனம் 2016இல் ஆம்பியோ விஆர் ஒலிவாங்கியை அறிமுகப்படுத்தியது. இதன் விலை அப்போது சுமார் 1,650 டாலராக இருந்தது. உள்ளிரைச்சல் 18 டெசிபெல். அதே ஆண்டு சவுண்ட்ஃபீல்டு நிறுவனத்தை ஆஸ்திரேலியாவின் ரோடே நிறுவனம் வாங்கியது. 2018இல் ரோடே வெளியிட்ட என்டி-எஸ்எஃப்1 ஒலிவாங்கி சுமார் 1,000 டாலர் விலையில் 12 டெசிபெல் உள்ளிரைச்சலை எட்டியது. கால்ரெக்கின் வழிவந்த பெயரே இவ்விலைக்கு இறங்கியது, இத்துறையில் நேர்ந்த மாற்றத்தை நன்கு காட்டும். காடு, நள்ளிரவு, வெற்று மண்டபம் போன்ற அமைதியான சூழல்களைப் பதிபவர்களுக்கு இந்த 6 டெசிபெல் வேறுபாடு பெரிது. தெருவிலோ திருவிழாவிலோ பதிபவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

ஒலிவாங்கியைத் தாமே செய்துகொள்வோரும் உள்ளனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக இசை ஆய்வு மையத்தில் ஃபெர்னாண்டோ லோபெஸ்-லெஸ்கானோ தொடங்கிய ஸ்ஃபியர் திட்டம், முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடத்தக்க ஒலிவாங்கி உடல்களின் வடிவமைப்பையும், மின்சுற்றுகளையும், அளவுத்திருத்த மென்பொருளையும் திறந்த உரிமத்தில் வெளியிட்டுள்ளது. இந்தியாவில் ஒலிப்பதிவாளர் உமாசங்கர் மந்திரவாதி தாமாகவே ஆம்பிசோனிக் ஒலிவாங்கிகளை வடிவமைத்துள்ளார். பிரம்மா என்னும் அவரது வடிவமைப்பு, ஜூம் நிறுவனத்தின் சிறு கைப்பதிவுக் கருவியின் உடலிலேயே நான்முகி ஒலிவாங்கியைப் பொருத்திய வகையிலும் வந்தது. பழங்கால அரங்குகள் உள்ளிட்ட தொல்லியல் இடங்களின் ஒலியியலை ஆராய்வதே அவரது நோக்கமாக இருந்தது. அவரது பணியை மையமாகக் கொண்ட ஒலிக் கண்காட்சி ஒன்று 2020இல் பெர்லினில் நடைபெற்றது.

முதற்படிக்கு மேற்பட்டவற்றில், எட்டுக் காப்சூல்கள் கொண்ட கோர் சவுண்ட் ஆக்டோமைக், 19 காப்சூல்கள் கொண்ட போலந்தின் சைலியா இசட்எம்-1 ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இரண்டாம் படிக்கு ஒன்பது தடங்கள் தேவை என்பதால், எட்டுக் காப்சூல்களால் ஒன்பதையும் தனித்தனியே பெற இயலாது என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் நலம். மேலும், உயர்படிக் கூறுகளைத் தாழ்ந்த அதிர்வெண்களில் பெறுவதற்குச் சமிக்ஞையை வெகுவாகப் பெருக்க வேண்டியிருப்பதால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

பதிவுக் கருவிகள்

மேற்கூறிய முதற்படி ஒலிவாங்கிகளுக்கு, 48 வோல்ட் மின்வழங்கலுடன் கூடிய நான்கு ஒலிவாங்கி உள்ளீடுகள் கொண்ட பதிவுக் கருவி தேவை. காப்சூல்களைப் பற்றிக் கூறிய பொருத்தம் இங்கும் பொருந்தும். ஆயிரம் டாலர் ஒலிவாங்கியின் அளவுத்திருத்தம் முழுவதையும், சற்றே கூடுதலாகத் திருப்பப்பட்ட ஒரு குமிழ் வீணாக்கிவிடும்.

டாஸ்காம் டிஆர்-70டி, ஜூம் எச்6 போன்ற விலை குறைந்த நான்கு உள்ளீட்டுக் கருவிகளில் பெருக்க அளவு ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனிக் குமிழால் அமைக்கப்படுகிறது. குமிழ்களை ஒரே குறியில் நிறுத்தினாலும் பெருக்கம் ஒன்றாக அமைந்துவிடுவதில்லை. எனவே நான்கு உள்ளீடுகளுக்கும் ஒரே சோதனை ஒலியை அனுப்பி, பதிவான அளவுகளைக் கணினியில் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொள்வது இன்றியமையாதது. அதன் பின் குமிழ்களைத் தொடாதிருப்பதும் வேண்டும். பசை நாடாவால் ஒட்டிவைப்பது களப்பதிவாளர்களின் வழக்கம்.

சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்பிரி-6, ஜூம் எஃப்8என் ஆகியவை நான்கு உள்ளீடுகளின் பெருக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே கட்டுப்பாட்டால் மாற்றும் வசதி உடையவை. 2019இல் வெளிவந்த ஜூம் எஃப்6 கருவி 32 பிட்டு மிதவைப்புள்ளி எண்களில் பதிவதால், அம்முறையில் பதியும்போது பெருக்கம் அமைக்கும் தேவையே எழுவதில்லை. ஆம்பிசோனிக் பதிவைப் பொறுத்தவரை, மிதவைப்புள்ளிப் பதிவின் உண்மையான பயன் உரத்த ஒலியில் சிதைவு நேராமை மட்டுமன்று. தவறாகத் திருப்பப் குமிழே இல்லாதிருப்பதுமாகும்.

ஒலிவாங்கியும் பதிவுக் கருவியும் ஒன்றாக அமைந்தவை மூன்றாம் வகை. 2011இல் வெளிவந்த ஜூம் எச்2என் கருவிக்கு 2016இல் வழங்கப்பட்ட உள்மென்பொருள் மேம்படுத்தல், அதன் ஐந்து காப்சூல்களைக் கொண்டு ஆம்பிசோனிக் பதிவைச் சாத்தியமாக்கியது. ஆயினும் அக்காப்சூல்கள் கிடைமட்டத்தில் அமைந்தவை. ஆதலால் இசட் தடம் வெறுமையாகவே இருக்கும். சுமார் 160 டாலரில் கிடைத்த இது, அக்காலத்தில் பலருக்கு ஆம்பிசோனிக்சின் முதல் அறிமுகமாக அமைந்தது.

2018இல் வெளிவந்த ஜூம் எச்3-விஆர் இவ்வகையில் ஒரு திருப்புமுனை. நான்முகியாக அமைந்த நான்கு காப்சூல்கள், முன்பெருக்கிகள், பதிவகம் ஆகிய அனைத்தும் ஒரே உடலில் அமைந்தன. அறிமுக விலை 350 டாலர். 24 பிட்டு, 96 கிலோஹெர்ட்சு வரை பதியும். இரண்டு ஏஏ மின்கலங்களில் இயங்கும். பெருக்கக் கட்டுப்பாடு ஒன்றே என்பதால் உள்ளீடுகளின் பொருத்தம் பற்றிய கவலை பயனருக்கு இல்லை. கருவி நிமிர்ந்துள்ளதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்பதை உணரியால் அறிந்து அச்சுகளைத் தானே மாற்றிக்கொள்ளும். உள்ளிரைச்சலே இதன் குறை. பறவைகளின் தொலைவான குரல்களைப் பதிய முயல்வோர் இதை உடனே உணர்வர். எனினும், ஆம்பிசோனிக் பதிவைக் கற்கத் தொடங்குபவருக்கு, நான்கு தனித்தனிக் குமிழ்கள் கொண்ட கருவியுடன் இணைத்த விலை கூடிய ஒலிவாங்கியைவிட இத்தகைய ஒருங்கிணைந்த கருவியே பிழை குறைந்த பதிவைத் தரும்.

ஃபூமாவும் ஆம்பிஎக்ஸும்

பி-வடிவக் கோப்புகளில் இரண்டு மரபுகள் உள்ளன. பழையது ஃபர்சு, மால்ஹம் ஆகியோரின் பெயரால் ஃபூமா எனப்படுகிறது. இதில் தடங்கள் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்னும் வரிசையில் அமையும். டபிள்யூ 3 டெசிபெல் குறைத்து எழுதப்படும். 2011இல் முன்மொழியப்பட்ட ஆம்பிஎக்ஸ் மரபில் வரிசை டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ் ஆகும்; டபிள்யூ குறைக்கப்படுவதில்லை. யூடியூப் உள்ளிட்டவை ஏற்பது ஆம்பிஎக்ஸ்.

ஃபூமா கோப்பை ஆம்பிஎக்ஸ் எனக் கருதித் திறந்தால், முன்னிருந்த ஒலி இடப்புறமாகவும், இடப்புற ஒலி தலைக்கு மேலாகவும், மேலிருந்த ஒலி முன்புறமாகவும் கேட்கும். கோப்பின் பெயரிலேயே மரபைக் குறித்து வைப்பது எளிய தற்காப்பு. கருவி அனுமதிக்குமாயின் ஏ-வடிவத்திலேயே பதிந்து சேமிப்பது அதனினும் சிறந்தது. பின்னாளில் மேம்பட்ட மாற்று மென்பொருள் வரும்போது பழைய பதிவுகளையும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை தவறாக மாற்றிய பி-வடிவத்தைத் திருத்துவது கடினம்.

களப்பதிவு

24 பிட்டு, 48 கிலோஹெர்ட்சில் நான்கு தடங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.1 கிகாபைட்டு இடத்தை எடுக்கும். வேவ் கோப்பின் எல்லை 4 கிகாபைட்டு என்பதால், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கோப்பு பிரிக்கப்படும். நான்கு உள்ளீடுகளுக்கும் 48 வோல்ட் வழங்குவது மின்கலங்களை விரைவில் தீர்க்கும்.

காற்று பெருந்தொல்லை. எல்லாத் திசைகளையும் நோக்கும் நான்கு காப்சூல்களில் ஒன்றாவது காற்றுக்கு நேராகவே இருக்கும். அதன் உறுமல் கழித்தலின்போது மூன்று திசைத் தடங்களிலும் பரவிவிடும். உரோம உறையுடன் கூடிய காற்றுத்தடுப்பு இன்றி வெளியிடங்களில் பதிவது பெரும்பாலும் வீண்முயற்சியே. பதிவாளரும் பதிவிலிருந்து தப்ப முடியாது. ஒலிவாங்கிக்குப் "பின்புறம்" என ஒன்று இல்லாததால், அவரது மூச்சும் உடையின் சலசலப்பும் திசையோடு பதிவாகும். கருவியை நிறுத்திவிட்டு விலகிச் செல்வதே வழக்கம். முன்புறம் எதுவென்பதைப் பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகக் கூறிவிடுதல் பின்னர் பெரிதும் உதவும்.

மென்பொருட்கள்

விலை குறைந்த பதிவுக்குக் கட்டற்ற மென்பொருட்களும் பெருந்துணையாக உள்ளன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ஐஇஎம் செருகுநிரல் தொகுதி, பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பார்ட்டா தொகுதி ஆகியன சுழற்றுதல், ஒலிபெருக்கிகளுக்கும் ஹெட்போனுக்கும் குறிவிலக்குதல் ஆகியவற்றைச் செய்கின்றன. சென்ஹைசர், ரோடே நிறுவனங்கள் தத்தம் ஒலிவாங்கிகளுக்கான ஏ-வடிவ மாற்றிகளை இலவசமாக வழங்கின. ஒரு நிறுவனத்தின் மாற்றியில் மற்றொரு நிறுவனத்தின் பதிவை இடுவது தகாது. மாற்றியில் உள்ள வடிகட்டிகள் குறிப்பிட்ட காப்சூல் இடைவெளிக்காகக் கணக்கிடப்பட்டவை.

பயன்பாடுகள்

மெய்நிகர்க் காட்சிகள், கணினி விளையாட்டுகள் ஆகியவற்றைத் தவிர, இசையரங்குகளின் எதிரொலிப்பை அளப்பதில் இவ்வொலிவாங்கிகள் பரவலாகப் பயன்படுகின்றன. அரங்கில் ஒரு சோதனை ஒலியை எழுப்பிப் பதிந்தால், ஒவ்வோர் எதிரொலியும் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்பதையும் அறியலாம். அப்பதிவைக் கொண்டு, வேறிடத்தில் பதிந்த ஓர் இசையை அவ்வரங்கில் நிகழ்ந்தது போலவே ஒலிக்கச் செய்யலாம். இடிக்கப்படவிருக்கும் கட்டடங்களின் ஒலியைப் பாதுகாக்கவும் இதுவே வழி. இயற்கை ஒலிச்சூழலைப் பதிபவர்களும், ஸ்டீரியோவோ ஐந்து தடச் சூழொலியோ எது வேண்டுமானாலும் ஒரே பதிவிலிருந்து பெறலாம் என்பதற்காக இதை நாடுகின்றனர்.